நவாப் வீட்டில் நான் அடைத்த ஓட்டைகள்

“வேலை உனக்கு வரும்மா. தப்புப் பண்ணினா வந்து சொல்லுவியா? அதுலதான் எனக்குச் சந்தேகம்.”

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் பெரிய இன்ஜினியர் சொன்னது இது. என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். ஹார்பரில் மூட்டை தூக்குகிறார் என்றேன். வீட்டில் வேறு யார் படித்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை, நான்தான் முதல் ஆள் என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பதில். அதோடு விடவும் இல்லை. “வீட்டுல முதல் ஆளாப் படிச்சு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். உயிரைக் கொடுத்து வேலை செய்வாங்க. ஆனா ஏதாவது தப்பாப் போச்சுன்னா மூடிடுவாங்க. விழுந்தா எவ்வளவு ஆழம்னு அவங்களுக்குத்தானே தெரியும்.”

அன்றைக்கு பஸ்ஸில் எங்கள் வீடிருக்கும் கல்மண்டபம் வந்து சேரும்வரை மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு புதுப் பதில். ஒன்றும் போதவில்லை.

இந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுவதற்கு ரிட்டயராகி, ஈசிச்சேரில் சாய்ந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அவ்வளவு காலம் காத்திருக்கப் பொறுமை கிடையாது. நாளை மறுநாள் சாவிகளையும் வரைபடங்களையும் உங்களிடம் ஒப்படைக்கப் போகிறேன். வரைபடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்து ஒப்படைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

நவாப் வீட்டை இப்போது நீங்கள் ஆஸ்பத்திரியாகப் பார்க்கிறீர்கள். நாங்கள் கையில் எடுத்தபோது அது அப்படியில்லை. ஆற்காட்டு நவாப்பின் உறவுக்காரர் ஒருவர் கடல் காற்றுக்காகக் கட்டிய மாளிகை என்று ஊரில் பேச்சு. அதற்குப் பத்திரம் எதையும் நான் பார்த்ததில்லை. நான் பிறந்ததிலிருந்து அது ஹார்பர் சரக்குகளை அடுக்கும் கிடங்காகத்தான் இருந்தது. என் நைனா அதன் கிழக்குக் கூடத்தில் பல வருடம் மூட்டை அடுக்கியிருக்கிறார். தூண்களின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில், ஆள் தோள் உயரத்துக்கு, ஒரு பழுப்புப் பட்டை ஓடும். பல வருடங்களாக மூட்டைத் தோள்கள் உரசி உரசி வந்த பட்டை. நைனாவின் தோளும் அதில் இருக்கும். அதே கூடத்துக்கு நான் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஓவர்சியராகப் போனேன். எனக்கு எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெருமை இந்தக் கதையில் வேலை செய்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

கிடங்கைக் காலி செய்து, மாளிகையை இடிக்காமல், பிரசவ ஆஸ்பத்திரியாக மாற்றுவது என்று முடிவானது. கிழக்குக் கூடம்தான் பிரசவ வார்டு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூரிலிருந்து வந்த உங்களுக்குத் தெரியாது. அப்போதெல்லாம் வலி எடுத்தால் ரிக்‌ஷாவில் ஏற்றி ரயில்வே கேட்டைத் தாண்டி வெகுதூரம் போகவேண்டும். ஹார்பர் கூட்ஸ் வண்டி வந்துவிட்டால் கேட் திறக்கிற வழியே இருக்காது. எங்கள் தெருவில் ஒருவனுக்குப் பெயரே கேட் மாணிக்கம். எங்கே பிறந்தான் என்று கேட்கவேண்டியதில்லை. அவன் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான். அவன் அம்மா சிரிக்கமாட்டாள்.

சரி, ஓட்டைகளுக்கு வருகிறேன்.

கிழக்குக் கூடத்தின் கடல் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றும் கை நுழையும் அளவு. சிலவற்றில் குளவிக் கூடு, சிலவற்றில் புறாப் பீ, எல்லாவற்றிலும் குப்பை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. சுவர் எழுப்பும்போது சாரம் கட்டுவதற்குக் கழிகளைச் சுவருக்குள் செருகுவார்கள். வேலை முடிந்ததும் கழியை உருவிவிட்டு ஓட்டையை அடைக்க வேண்டும். இங்கே அடைக்காமல் போய்விட்டார்கள். பாலிடெக்னிக்கில் படித்தது அப்படியே கண்முன் நின்றது. நோட்டில் எழுதினேன்: சாரக்கழி ஓட்டைகள், சிமெண்ட் வைத்து அடைக்கவும்.

ரஹீம் பாய்தான் அப்போது மேஸ்திரி, வண்ணாரப்பேட்டைக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். என்னிடம் வாதம் செய்வதென்றால் அவருக்கு டீ குடிக்கிற மாதிரி. சுவரை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா மேரிம்மா, இத்தினி வருசமா தொறந்துகினு கீது. ஒருத்தனும் மூடல. எல்லாருமா மறந்துட்டான்?”

“மறந்துதான் போயிருக்காங்க பாய். மழைத் தண்ணி உள்ள போவுது பாருங்க.”

“நவாப் வூட்டுக் கொத்தன் மறதிக்காரன்னு சொல்ற.”

“வரிசையா மறந்திருக்கான்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று என் வாயிலிருந்தே விஷயம் வெளியே வந்தது. வரிசையாக யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் நான் நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஒரே வாரத்தில் எல்லா ஓட்டைகளையும் அடைத்து, மேலே வழுவழுவென்று பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. சுவர் பார்க்கச் சுத்தமாக இருந்தது. தூரத்தில் நின்று பார்த்துத் திருப்திப்பட்டேன். அந்தத் திருப்தி இன்றைக்கும் என் கண்ணில் மண்ணைப் போல உறுத்துகிறது.

அதன் பிறகு நிதி நின்றது. வேலையும் நின்றது. இரண்டு மழைக்காலம் மாளிகை பூட்டியே கிடந்தது. நான் எண்ணூர் பக்கம் குவார்ட்டர்ஸ் கட்டப் போய்விட்டேன். திடீரென்று ஒரு நாள் எல்லாம் வேகம் பிடித்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நாள் குறித்த பிறகுதான் கூரையைப் பற்றி யோசித்தார்கள். நம் இலாகாவில் இதுதான் வழக்கம், பழகிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கூடத்தின் கூரை பழைய மெட்ராஸ் தளம். குறுக்கே தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சாய்வாக நிறுத்திய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி. மேல் ஜல்லி வெடித்திருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போதுமா, உத்தரங்கள் தாங்குமா என்று நான் பார்த்து எழுதித் தரவேண்டும். நான் அப்போதும் தகுதிகாண் பருவத்தில்தான் இருந்தேன். அந்த ஒரு அறிக்கையை வைத்துத்தான் என்னை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

உத்தரங்களின் நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. அவற்றின் முனைகள் சுவருக்குள் இருக்கும். மேற்குச் சுவரில், தாழ்வாரத்து நிழலில் ஏணி போட்டு, இரண்டு இடத்தில் சுவரைக் கொத்தி முனைகளைப் பார்த்தேன். நவாப் நேற்றுதான் மரம் வாங்கினார் என்று சொல்லலாம், அப்படி இருந்தன. கடல் பக்கம் பார்க்கவில்லை. அங்கே சாரம் கட்டவேண்டும், வெயில், புதிதாகப் பூசிய சுவரைக் கெடுக்கவேண்டும். நானே பூசிய சுவர். ‘இருபத்திரண்டு உத்தரங்களும் நல்ல நிலையில் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்தது இரண்டு முனை. மீதியைக் கற்பனையில் பார்த்திருந்தேன்.

தளம் தட்டுவதை நீங்கள் யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள். இப்போது எல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டிய பிறகு, பெண்கள் வரிசையாகக் குந்தி, சப்பையான மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டவேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் குந்தியபடியே எல்லோரும் ஒன்றாகப் பின்னால் நகர்வார்கள். நாள் கணக்கில் நடக்கும். நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சுண்ணாம்பு தன்போக்கில் இறுகி வெடித்துவிடும், அவ்வளவையும் கொத்தி எடுத்து முதலிலிருந்து போடவேண்டும். கை ஒன்றாக விழுவதற்காகப் பாடிக்கொண்டே தட்டுவார்கள். பாட்டில் யார் வேண்டுமானாலும் மாட்டுவார்கள். அன்றைக்கு நான் மாட்டியிருந்தேன். ஓவர்சியரம்மா குடை பிடித்தால் சூரியன் பயந்து ஓடுது என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, இருபத்துநாலு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தலைவி கன்னியம்மா. தண்டையார்பேட்டைக்காரி, என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம். வெற்றிலை போட்ட வாய், யாருக்கும் அடங்காத வாய். இரண்டாம் நாள் மத்தியானம், வரிசை கடல் பக்கச் சுவரை ஒட்டித் தட்டிக்கொண்டிருந்தபோது, கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள்.

“எம்மோவ், இங்க வந்து கேளு.”

“என்ன கன்னியம்மா?”

“அந்தாண்ட தட்டுனா கட்ட தெறிச்சுகினு கைக்கு வருது. இங்க தட்டுனா உள்ள பூடுது. பொத்து பொத்துன்னு கீது.”

“இங்க ஈரம் ஜாஸ்தி இருக்கும்.”

“ஈரம் எனுக்குத் தெரியாதா? காலைலேந்து நான்தான தண்ணி தெளிச்சிகினு கீறேன்.” கட்டையை என் கையில் கொடுத்தாள். “தோ, நீயே தட்டிப் பாரு. படிச்ச கைக்கு இன்னா சொல்லுதுன்னு பாப்போம்.”

பெண்கள் சிரித்தார்கள். தட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதையும் சொல்லாமல், “கொஞ்சம் மெதுவா தட்டுங்க இந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கூடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலே தட்டும் சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. உத்தரங்கள் நேராக, அழகாக, ஒன்றும் தெரியாதவை போல இருந்தன. வெளியே வந்து கடல் பக்கச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. திரும்ப உள்ளே போனேன். திரும்ப வெளியே வந்தேன். எது உறுத்துகிறது என்று தெரியவில்லை, ஆனால் ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை. கடைசியில் வரைபடங்கள் வைத்திருந்த சின்ன அறைக்குப் போனேன்.

என்ன தேடுகிறேன் என்று தெரியாமல்தான் இரண்டு தாள்களை எடுத்தேன். வேலை தொடங்கிய வருடம் நானே டிரேசிங் தாளில் வரைந்தவை. ஒன்று கடல் பக்கச் சுவரின் முகம், ஓட்டைகளோடு. இன்னொன்று கூரை, உத்தரங்களோடு. இரண்டும் ஒரே அளவுகோலில். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

இருபத்திரண்டு ஓட்டை. இருபத்திரண்டு உத்தரம். ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு உத்தரத்தின் முனைக்கு நேராக உட்கார்ந்திருந்தது. ஒரு நூல் பிசகில்லை.

அவை சாரத்துக்கு விட்ட ஓட்டைகள் அல்ல. மரத்தின் முனை சுவருக்குள் புழுங்கி மக்கிவிடாமல் இருக்க, அதற்குக் காற்று வேண்டும் என்று விட்டவை. அந்தக் கொத்தன் ஒன்றையும் மறக்கவில்லை. நான் இருபத்திரண்டு மூக்கையும் சிமெண்டால் அடைத்து, இரண்டு மழைக்காலம் அப்படியே பூட்டி வைத்திருந்தேன். அந்த இரண்டு தாளும் இரண்டு வருடமாக அந்த அறையில், என் வரைபடப் பெட்டியில்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அப்போது முதலில் எனக்கு வந்த நினைப்பு மேலே இருக்கும் பெண்களைப் பற்றியதல்ல. இதை உங்களிடம் மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. முதலில் வந்தது பெரிய இன்ஜினியரின் முகம். அடுத்து நைனாவின் முகம், என் வேலை உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிய முகம். மூன்றாவதாகத்தான், அந்தக் கூரையில் இருபத்துநாலு பேர் குந்தியிருக்கிறார்கள் என்பது வந்தது. மூன்றாவதாக வந்தாலும் அது வந்த பிறகு மற்ற இரண்டும் நிற்கவில்லை.

ரஹீம் பாயைக் கூப்பிட்டுத் தாள்களைக் காட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“நிறுத்தணும் பாய்.”

“நிறுத்துனா சுண்ணாம்பு பூட்ச்சு. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“இன்னும் மூணு நாளு மேரிம்மா. அப்பால யாரு மேல ஏறப்போறான்? மர முனை எப்படி கீதுன்னு நீயும் பாக்கல, நானும் பாக்கல. நல்லாவே இருந்துச்சுன்னா? பேஜாரு உனுக்குத்தான. எழுதிக் குடுத்தது நீ.”

அவர் சொன்னதில் கெட்ட எண்ணமில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். மரம் நன்றாகவே இருக்கலாம் என்பதும் உண்மை. நெருக்கடியில் நம்மிடம் வருகிற யோசனைகள் இப்படித்தான் இருக்கும், பாதி உண்மையும் பாதி பாசமுமாக.

“கீழ வார்டு வரப்போவுது பாய். மூணு நாள் கணக்கு நமக்கு. அந்தக் கட்டில்களுக்கு இல்லை” என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்கு ஓடினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

அந்தப் படி கடல் பக்கச் சுவரை ஒட்டியது. மேலே போய் ‘இறங்குங்கள்’ என்று கத்தினால் இருபத்துநாலு பேரும் எழுந்து ஒரே நேரத்தில் இந்தப் படியை நோக்கித்தான் ஓடிவருவார்கள். எந்த முனைகளை நான் சந்தேகப்படுகிறேனோ, அவற்றின் தலைமேலேயே வந்து நெரிசலாக நிற்பார்கள். அவசரத்தில் நாம் செய்கிற முதல் காரியம் பல நேரம் இப்படி ஆபத்தின் பக்கமே தள்ளிவிடும். நடந்தே போனேன். கன்னியம்மாவின் பக்கத்தில் குந்தினேன்.

“கன்னியம்மா, சத்தம் போடாத. இந்தப் பக்கம் கூரை மேல எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாரையும் மேற்கால கொண்டுபோகணும். யாரும் எழுந்து ஓடக்கூடாது. படி வேண்டாம். அந்தாண்ட தாழ்வாரத்துல ஏணி போடச் சொல்றேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். மெல்லுவது நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அடியை அவள் எடுத்தாள், குரலை உயர்த்தி:

“கட்டய தொட்டுகினு வாங்கடி, தட்டாம பின்னால வாங்கடி!”

பெண்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் வரிசை நகர்ந்தது. தட்டும் சத்தம் அடங்கிப்போயிற்று. குந்தியபடியே, கட்டைகளைச் சுண்ணாம்பின்மேல் இழுத்துக்கொண்டே, இருபத்துநாலு பேரும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தார்கள். நானும் குந்தியபடி நகர்ந்தேன். புதுச் சேலையில் சுண்ணாம்பு. ஒருத்தி, “இன்னாடி இது, ஓவர்சியரம்மாவும் வருசைல சேர்ந்துச்சு” என்றாள். எல்லோரும் மேற்குச் சுவரைத் தொட்டபோது ரஹீம் பாய் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.

கீழே வந்ததும் கன்னியம்மா நேராக என்னிடம் வந்தாள்.

“இப்பச் சொல்லு. இன்னா ஆச்சு?”

சொன்னேன். ஓட்டைகளைப் பற்றி, மரத்தைப் பற்றி. நான்தான் அடைக்கச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். ரஹீம் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்தியானம் நான் கூப்புட்டுச் சொன்னப்ப ஈரம்னு சொல்லிட்டு எறங்கிப் போன. நாங்க மேலதான குந்திகினு இருந்தோம். அப்பவே சந்தேகம் இருந்துச்சா உனுக்கு?”

“இருந்தது.”

“இருந்துச்சுன்னா மொதல்ல எங்களதான் எறக்கி வுட்டுருக்கணும். அப்பாலதான் தாளு கீளு எல்லாம்.”

வரைபடத்தைத் தேடிப் போன நேரமெல்லாம் அவர்கள் அந்த முனைகளின் மேலேயே இருந்தார்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான கண்டனம் அதுதான். இலாகா கொடுத்தது இரண்டாவது.

கூரைக்கு அடியில் சவுக்கு மரங்களை முட்டுக் கொடுத்த பிறகு, கடல் பக்கத்தில் சாரம் கட்டி ரஹீம் பாயே ஏறினார். முதல் ஓட்டையின் சிமெண்டை உளியால் பெயர்த்தார். உள்ளேயிருந்து ஒரு புழுங்கல் வாடை கீழே நின்ற எனக்கே வந்தது. கம்பியை உள்ளே விட்டார். கம்பி நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தபோது முனையில் கறுப்பாக, ஈரமாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

“டீயில ஊறுன பன்னு கணக்கா கீது” என்றார். அடுத்த ஓட்டைக்கு உளியை நகர்த்தினார்.

இருபத்திரண்டில் ஒன்பது அப்படி. மற்றவை தப்பியிருந்தன. கூரை விழவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மரம் மக்கியதில் எவ்வளவு பழையது, எவ்வளவு நான் செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விழுந்திருந்தால் எல்லோரும் என்னை நம்பியிருப்பார்கள். விழாததால், நல்ல கூரையை ஓவர்சியரம்மா பயந்து நிறுத்தி விழாவைக் கெடுத்துவிட்டாள் என்று காண்டிராக்டர் ஊரெல்லாம் சொன்னார். சரியான முடிவுக்கு நிரூபணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுண்ணாம்பு இரண்டே நாளில் பாளம் பாளமாக வெடித்தது. அந்த நிரூபணம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில், கட்டடம் பழையது, மரம் மக்கியிருந்தது என்று இருந்தது. பொய்யில்லை. கிழித்தேன். இரண்டாவதில் இரண்டு மழைக்காலம் கட்டடம் கவனிப்பாரின்றிக் கிடந்ததைச் சேர்த்தேன். அதுவும் பொய்யில்லை. கிழித்தேன். மூன்றாவதில், ஓட்டைகள் எதற்கென்று அறியாமல் நான் அடைக்கச் சொன்னேன், முனைகளைப் பார்க்காமலே நல்ல நிலையில் உள்ளன என்று சான்று கொடுத்தேன் என்று எழுதி, அந்த இரண்டு டிரேசிங் தாளையும் இணைத்து, நானே எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

பெரிய இன்ஜினியர் முழுக்கப் படித்தார். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

“பழைய கட்டடம்னு எழுதியிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதினே? நான் அன்னிக்குச் சொன்னதுக்காகவா?”

வரும் வழியெல்லாம் அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“பழசுன்னு எழுதினா, புது மரம் போட்டதும் அடுத்து வர்ற ஓவர்சியர் மறுபடியும் அடைச்சிடுவாங்க சார். அந்த ஓட்டை அசிங்கமாத்தான் இருக்கும். யாருக்கும் அடைக்கத்தான் தோணும்.”

அவர் தாள்களை அறிக்கையோடு சேர்த்து வைத்தார். பிறகு, “சரி, போ. விசாரணை வரும்” என்றார்.

வந்தது. தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டது. கூடப் படித்தவர்கள் நிரந்தரமானார்கள், நான் ஆகவில்லை. திறப்பு விழா தள்ளிப்போயிற்று. பந்தல் போட வந்தவர்கள் கழிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனதை நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். நைனாவிடம் சொன்னபோது, “வேல பூடுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். “அந்தக் கூடத்துல நானும் மேல பாக்காமதான் மூட்ட அடுக்கிகினு இருந்தேன்” என்றார். ஆறுதலா, பரிகாசமா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்பது உத்தரங்களுக்கும் மக்கிய முனையை வெட்டிவிட்டுப் புது மரம் இணைத்தோம். மீண்டும் தளம் போட்டபோது கன்னியம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். ஏறுவதற்கு முன் என்னை முன்னால் விட்டு, கடல் பக்க ஓரத்தில் குதிக்கச் சொன்னாள். இருபத்துநாலு பேர் பார்க்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். “இன்னொருவாட்டி” என்றாள். குதித்தேன். அதற்குப் பிறகுதான் கட்டையை எடுத்தாள். இது விதிப்புத்தகத்தில் இல்லை. நீங்கள் சான்று கொடுக்கும் கூரையில் முதலில் நீங்கள் நில்லுங்கள்.

வார்டு திறந்த மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு அங்கே பிள்ளை பிறந்தது. கூட்ஸ் வண்டிக்குக் காத்திருக்கவில்லை. கேட் மாணிக்கம் தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டு, “உனுக்கு நல்ல பேராத்தான் வெப்பாங்க, போ” என்றானாம்.

இனி உங்கள் வேலை. மழை முடிந்ததும் கடல் பக்கத்து இருபத்திரண்டு ஓட்டைகளிலும் குளவிக் கூட்டை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி வலை கட்டியிருக்கிறோம், அது துருப்பிடித்தால் மாற்றுங்கள். பார்வையிட வருகிற அதிகாரி யாராவது, இது என்ன கலீஜாக இருக்கிறது, அடைத்துவிடுங்கள் என்று கட்டாயம் சொல்வார். என் மூன்றாவது அறிக்கை கோப்பின் முதல் தாளாக இருக்கிறது. எடுத்துக் காட்டுங்கள். என் பெயரைச் சொல்லத் தயங்கவேண்டாம்.

நான் எங்கே போகிறேன் என்று கேட்டீர்கள். முகத்துவாரக்குப்பத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பழைய காவல் கோட்டை இருக்கிறது. பாதி மணலுக்குள். புயல் வந்தால் குப்பத்து ஜனங்கள் ஒதுங்குகிற இடமாக அதைச் சரிசெய்ய வேண்டுமாம். அங்கே போக யார் தயார் என்று சுற்றறிக்கை வந்தபோது ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியும் வெகுதூரம் நடக்கவேண்டும். நான் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரஹீம் பாயையும் கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தும் வந்துவிட்டேன். கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வரிசையாக ஓட்டைகள். அங்கே உத்தரமும் இல்லை, கூரையும் இல்லை. ரஹீம் பாய் என்னைப் பார்த்தார். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையே பெரிய பரிகாசம். நான் புது நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் எழுதினேன்: ‘கிழக்குச் சுவரில் பதினேழு ஓட்டைகள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.’

கீழே கையெழுத்துப் போட்டேன்.